அங்கே அவனை என்ன செய்வார்கள்?

(ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கும் கைதிகளைப் பற்றிப் பெங்களூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த ஊர் 1947 ஜூலை வரைக்கும் இரண்டு ஆட்சிகளுக்குப் பங்காகக் கிடந்த ஊர். கப்பன் பூங்காவுக்கு மேற்கே பேட்டை; அது மைசூர் மகாராஜாவின் பெங்களூர். கிழக்கே தண்டு, அது பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் பெங்களூர். தண்டு மாரியம்மனைக் கும்பிட்டு, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது பெங்களூரின் குடிகள். 1881இல் மைசூர் ராஜ்யத்தை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்த பிரிட்டிஷார், தண்டு என்ற அந்தக் கண்டோன்மென்ட்டை மட்டும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே போலீஸ் வேறு, கோர்ட் வேறு, நகராட்சி வேறு. சிக்பேட்டையில் கைவரிசை காட்டிய ஒருவன் ஜட்கா பிடித்து அல்சூர் வந்து சேர்ந்தால், சட்டத்தின் கணக்கில் அவன் வேறோர் ஆட்சியின் எல்லைக்குள் நுழைந்துவிட்டான்.

அப்படி எல்லை தாண்டியவனை யார் பிடிப்பது, யாரிடம் ஒப்படைப்பது? 1881இல் ராஜ்யத்தைத் திருப்பித் தந்த பத்திரத்திலேயே இதற்கு விதி எழுதிவைத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் ஒருவர் மைசூருக்குள் இருந்தால், ரெசிடென்ட் கேட்டவுடன் மகாராஜா அவரைக் கைது செய்து ஒப்படைக்க வேண்டும். வேண்டிய சாட்சிகளையும் அனுப்பிவைக்க வேண்டும். ஆனால் ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமகன் ஒருவன் மைசூர் மண்ணிலேயே குற்றம் செய்தாலும், அவனை விசாரிக்கும் முழு அதிகாரம் கவர்னர் ஜெனரலிடம்தான். மகாராஜாவுக்குச் சிம்மாசனம் உண்டு, தசரா ஊர்வலம் உண்டு. தன் ஊரில் தப்பு செய்த வெள்ளைக்காரனைக் கூண்டில் ஏற்றும் உரிமை கிடையாது. ஷாங்காய் நகரத்திலும் அதே காலத்தில் இதே நிலைமைதான். சீனப் பேரரசரின் மண்ணில், சீனச் சட்டம் வெள்ளையரைத் தீண்டாது. மைசூரையும் சீனாவையும் நான் சேர்த்துப் பேசப்போவதற்கு அது ஒரு காரணம்.

ரயில் பாதை போன நிலத்தின் மீதும் பிரிட்டிஷார் சமஸ்தானங்களிடம் அதிகாரம் கேட்டு வாங்கினார்கள். ஹைதராபாத் சமஸ்தானத்தில் ஒரு ரயில் நிலையத்தில் வைத்து, சிம்லா மாஜிஸ்திரேட்டின் வாரண்டைக் காட்டி நிஜாமின் குடிமகன் ஒருவரைக் கைது செய்தார்கள். முகம்மது யூசுபுத்தீன் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிப்பார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. நிஜாம் கொடுத்த அதிகாரம் ரயில்வே சம்பந்தப்பட்ட காரியங்களுக்கு மட்டும்தான், அதைச் சாக்காக வைத்து வேறு குற்றத்துக்கு ஆள் பிடிக்க முடியாது, கைது செல்லாது என்று 1897இல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது நிஜாமின் எல்லையைப் பற்றிய தீர்ப்பு. கைதானவர் மனிதர், அவருக்கும் உரிமை உண்டு என்ற பேச்சுக்கு அதில் வேலையே இல்லை. எல்லை யாருடையது என்று இரண்டு அரசுகள் வாதாடின. இடையில் அவர் பிழைத்துக்கொண்டார்.

இன்று நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். ஓர் ஆளைப் பிடித்துக் கொடு என்று ஓர் அரசு கேட்கும்போதும், மாட்டேன் என்று இன்னோர் அரசு சொல்லும்போதும், பேச்செல்லாம் மானம், இறையாண்மை, ஒப்பந்தம், முன்னுதாரணம் என்றே நடக்கும். கைவிலங்கோடு நிற்பவன் அந்தப் பேச்சில் ஒரு கட்சியே அல்ல. அவனை அந்தப் பேச்சுக்குள் கொண்டுவரும் கேள்வி ஒன்றுதான் உண்டு: கொடுத்துவிட்டால், அங்கே அவனை என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வி எழுந்த இடங்களும் உண்டு. எழாமல் போன இடங்களும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

சீனாவில் தொடங்குகிறேன். 1858 தியான்ஜின் ஒப்பந்தத்தில் ஒரு விதி: சீனக் குற்றவாளிகள் ஹாங்காங்குக்கு ஓடிவந்தால், சீன அதிகாரிகள் முறைப்படி கேட்டு, குற்றமும் நிரூபணமானால், ஆங்கிலேயர் ஒப்படைக்க வேண்டும். 1865இல் தைப்பிங் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவர் ஹாங்காங்கில் பிடிபட்டார். விதிப்படி ஒப்படைத்தார்கள். காண்டன் நகரில் அவரை உயிரோடு வைத்துத் துண்டு துண்டாக அறுத்துக் கொன்றார்கள். அன்றைய சீனத் தண்டனை முறையில் அது சட்டப்படியான தண்டனை. ஒப்படைத்தவர்கள் செய்ததும் சட்டப்படிதான். இப்படி இரண்டு பக்கமும் சட்டப்படியே ஒரு மனிதனைச் சித்திரவதைக்கு அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகுதான் ஒப்படைக்கும் முன், சித்திரவதை செய்யமாட்டோம் என்று உறுதி கேட்கும் வழக்கம் ஹாங்காங்கில் ஏற்பட்டது.

இன்னொரு ஹாங்காங் வழக்கைத் தமிழர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1870இல் மக்காவிலிருந்து பெருவுக்குச் சுமார் 300 சீனக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பிரெஞ்சுக் கப்பல் கிளம்பியது. நம் ஆட்கள் மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போன அதே காலம். நடுக்கடலில் கூலிகள் எழுந்தார்கள். கேப்டனும் மாலுமிகள் சிலரும் கொல்லப்பட்டார்கள். கப்பல் சீனக் கரைக்கே திரும்பியது. அவர்களில் குவோக் ஆ சிங் என்பவர் ஹாங்காங்கில் பிடிபட்டார். சீனாவிடம் ஒப்படைப்பதா என்ற கேள்வி வந்தது. தலைமை நீதிபதி ஜான் ஸ்மேல் அவரை விடுவித்தார். விருப்பமில்லாமல் அடைத்துக் கொண்டுபோகப்படும் மனிதன், தன் விடுதலைக்காகப் போராடினால் அது கொலைக் குற்றமாகுமா என்று கேட்ட நீதிபதி அவர். அரசு விடவில்லை. 1873இல் பிரிவி கவுன்சில், இது சீனச் சட்டத்துக்கு எதிரான குற்றமே அல்ல, எனவே சீனாவிடம் ஒப்படைக்கும் பேச்சுக்கு இடமில்லை, ஆனால் கடற்கொள்ளை என்று ஹாங்காங்கிலேயே வழக்கு நடத்தலாம் என்றது. ஸ்மேல் எழுப்பிய கேள்வியைச் சட்ட நூல்கள் ஓரமாக ஒதுக்கிவிட்டன. எனக்கு அந்த ஓரம்தான் முக்கியமாகப் படுகிறது.

இனி 1903. ஷாங்காய். அந்நியர் குடியேற்றப் பகுதிக்குள் 'சூ பாவ்' என்றொரு சீனப் பத்திரிகை. சோவ் ரோங் என்ற இளைஞர், வயது 18, 'புரட்சிப் படை' என்றொரு சிறு நூல் எழுதியிருந்தார். மஞ்சு ஆட்சியைத் தூக்கி எறிந்து குடியரசு அமைப்போம் என்பது அதன் சாரம். அதற்கு முன்னுரை எழுதியவர் ஜாங் பிங்லின், பழஞ்சீன இலக்கியத்தில் கரைகண்ட அறிஞர். அவரே பத்திரிகையில் பேரரசரைப் பெயர் சொல்லி, அவனுக்கு அவரைக்கும் கோதுமைக்கும் வித்தியாசம் தெரியாது என்ற பொருளில் எழுதினார். சீன மரபில் பேரரசரின் இயற்பெயரை எழுதுவதே பெரும் குற்றம். ஜூன் கடைசியில் ஜாங் கைதானார். நண்பர் உள்ளே இருக்கும்போது தான் வெளியே இருப்பது முறையல்ல என்று மறுநாள் சோவ் ரோங் தானே போய்ச் சரணடைந்தார். 18 வயதுப் பிள்ளை.

மஞ்சுக்களின் சிங் அரசு அவர்களைக் கேட்டது. கிடைத்திருந்தால் தலை போயிருக்கும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. குடியேற்றப் பகுதியின் ஆட்சிக்குழு தர மறுத்தது. எங்கள் எல்லைக்குள் நடந்த காரியத்தை எங்கள் எல்லைக்குள்தான் விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இளைஞனின் உயிரைவிடத் தங்கள் அதிகாரம் பெரிதாகத் தெரிந்தவர்கள் அவர்களில் நிறைய. பெய்ஜிங்கிலிருந்த தூதர்களிடையே ஒற்றுமை இல்லை. கொடுத்துவிடலாம் என்ற கட்சியும் இருந்தது. சீன அரசு, தன் குடிமக்கள் இருவர் மீது அந்நியர் உட்கார்ந்திருக்கும் கலப்பு நீதிமன்றத்தில் வாதியாக வந்து நின்றது. அதற்காக ஆங்கிலேய வக்கீல்களை அமர்த்தியது. ஒரு பேரரசுக்கு அதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும் என்று அன்றைய சீனர்கள் குமுறியதை நான் குறை சொல்லமாட்டேன். கண்டோன்மென்ட்டுக்குள் கைவைக்க முடியாத மைசூர் திவானும் அந்தக் குமுறலைப் புரிந்துகொண்டிருப்பார்.

ஜூலை 31 அன்று பெய்ஜிங்கில் ஒன்று நடந்தது. ஷென் ஜின் என்ற பத்திரிகையாளரை அதற்குச் சில நாள் முன்புதான் பிடித்திருந்தார்கள். ரஷ்யாவோடு அரசு நடத்திய ரகசியப் பேரத்தை வெளியே கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர். விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. தாய்ப் பேரரசி சிக்சியின் உத்தரவுப்படி அவரைச் சிறைக்குள்ளேயே மூங்கில் தடியால் அடித்துக் கொன்றார்கள். அடி நெடுநேரம் நீண்டது என்பது அந்நிய தூதரகங்களுக்கும் எட்டியது, பத்திரிகைகளில் வந்தது. அது வரைக்கும் எல்லை, அதிகாரம், முன்னுதாரணம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஷாங்காயில் இருக்கும் இருவரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இனி யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் லண்டன் திட்டமாகச் சொல்லிவிட்டது: ஒப்படைக்கக் கூடாது.

1904 மே மாதம் தீர்ப்பு. ஜாங் பிங்லினுக்கு மூன்று ஆண்டு, சோவ் ரோங்குக்கு இரண்டு ஆண்டு. தலை தப்பியது. ஆனால் ஷாங்காய்ச் சிறை சத்திரம் இல்லை. அரைவயிற்றுச் சாப்பாடு, உடைந்துபோகும் வரை வேலை. காவலுக்கு இருந்தவர்களில் இந்தியர்களும் உண்டு, ஆங்கிலேயர் பஞ்சாபிலிருந்து கொண்டுபோனவர்கள். 1905 ஏப்ரல் 3 அன்று சோவ் ரோங் சிறையிலேயே இறந்தார். வெளியே வர இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. ஜாங் 1906இல் விடுதலையாகி டோக்கியோ போனார். அடுத்த ஆண்டு அங்கே இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்து ஆசிய மக்களின் ஒற்றுமைக்காக ஒரு சங்கம் தொடங்கினார். தன்னைக் காவல் காத்தவர்களின் நாட்டுக்காரர்களோடு! அந்த மனிதரின் மனவிரிவை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

ஷாங்காயில் அரசியல் கைதியை ஒப்படைக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் சொன்னது 1903. ஏழு ஆண்டு கழித்து அதே ஆங்கிலேயர் மார்சேயில் துறைமுகத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

விநாயக தாமோதர் சாவர்க்கரை 1910 மார்ச்சில் லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் கைது செய்தார்கள். அவருடைய பிற்கால அரசியலில் எனக்கு உடன்பாடு கிடையாது. இங்கே நான் பேசுவது கைதியாக இருந்த அந்த இளைஞரைப் பற்றி. பம்பாயில் விசாரிக்க 'மோரியா' கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் மார்சேயில் நின்றது. ஜூலை 8 காலை, குளியலறைக்குப் போகிறேன் என்று போனவர், உடம்பை ஒடுக்கிச் சுவரிலிருந்த வட்டத் துளை வழியாகக் கடலில் குதித்தார். நீந்திக் கரையேறினார். ஓடினார். பிரெஞ்சு மண்ணில் கால் வைத்தாயிற்று, இனி பிரெஞ்சுச் சட்டம் தன்னைக் காக்கும் என்பது அவர் நம்பிக்கை. துறைமுகத்தில் காவலிலிருந்த பெஸ்கியே என்ற பிரெஞ்சுக் காவலர் அவரை மடக்கினார். பின்னாலேயே கப்பலிலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். கப்பல் ஆள் ஒருவன் திருடிவிட்டு ஓடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, பெஸ்கியே அவரைக் கையைப் பிடித்துத் திரும்பக் கப்பலுக்கே கூட்டிப்போனார். கரையில் இருந்தது சில நிமிடங்கள்தான்.

விஷயம் வெளியே வந்ததும் பாரிஸ் கொதித்தது. கார்ல் மார்க்ஸின் பேரன் ழான் லாங்கே எழுதினார். பாரிஸிலிருந்த இந்தியப் புரட்சியாளர் மேடம் காமா கதவு கதவாகத் தட்டினார். எங்கள் மண்ணிலிருந்து ஓர் அகதியை எங்கள் அனுமதி இல்லாமல் இழுத்துப் போனீர்கள், திருப்பிக் கொடுங்கள் என்று பிரான்ஸ் கேட்டது. ஹேக் நகரிலிருந்த நிரந்தர நடுவர் நீதிமன்றத்துக்கு வழக்கு போயிற்று. ஐந்து நடுவர்கள். தலைவர் பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர் பேர்னார், சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அரசியல் குற்றத்துக்காக யாரையும் ஒப்படைக்கக் கூடாது என்று உலகில் முதன்முதலில் சட்டம் போட்ட நாடும் பெல்ஜியம்தான், 1833இல். நம்பிக்கைக்கு இடமிருந்தது.

1911 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. பெஸ்கியே ஒப்படைத்ததில் முறைகேடு உண்டு. ஆனால் அப்படித் தவறுதலாகக் கைக்கு வந்தவரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று சர்வதேசச் சட்டத்தில் விதி எதுவும் இல்லை. அதற்குள் பம்பாய் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனையை இரண்டு முறை விதித்து முடித்துவிட்டது. ஹேக்கில் பிரான்ஸுக்கு வக்கீல் இருந்தார், பிரிட்டனுக்கு வக்கீல் இருந்தார். சாவர்க்கருக்கு இல்லை, அவர் அந்த வழக்கின் தரப்பே அல்ல. அந்தமானில் செக்கு இழுக்க வைப்பார்களே, தேங்காய் நார் உரிக்க வைப்பார்களே, அந்தச் சிறைக்கு ஒருவரை அனுப்பலாமா என்று நடுவர் ஐவரில் ஒருவரும் கேட்க வேண்டிய நிலைமையே அந்த வழக்கில் வரவில்லை. ஷாங்காயில் எழுந்த கேள்வி ஹேக்கில் எழவில்லை. சீனச் சிறையைப் பற்றி ஐரோப்பியருக்கு இருந்த பயம், ஐரோப்பியர் நடத்தும் சிறையைப் பற்றி அவர்களுக்கு இல்லை.

லண்டனில் சாவர்க்கரோடு இருந்த வ.வே.சு. ஐயர், சாவர்க்கர் கைதான ஆண்டே வேஷம் மாறிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே 1908இல் வந்துவிட்ட பாரதியார் இருந்தார். 1910 ஏப்ரலில் வந்த அரவிந்தர் இருந்தார். 'இந்தியா' பத்திரிகையை நடத்திய மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியார் இருந்தார். மண்டயம் என்ற பெயரைக் கேட்டதும் இந்த மாநிலத்துக்காரர்களுக்கு மண்டியாவும் மேல்கோட்டையும் நினைவுக்கு வரவேண்டும். அந்த ஐயங்கார் குடும்பங்களின் வேர் இங்கேதான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்தச் சின்ன ஊர் தமிழ் இலக்கியத்துக்குச் செய்த உபகாரத்தை அளவிட முடியாது. குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அங்கேதான் எழுதப்பட்டன. ஒப்படைக்கப்படாத ஒரு மனிதர் அவற்றை எழுதினார்.

ஆங்கிலேயர் சும்மா இருக்கவில்லை. ஊர் முழுக்க ரகசியப் போலீஸ். தபால் பிரிக்கப்பட்டது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்ற பிறகு நெருக்கடி பல மடங்காயிற்று. புதுச்சேரியில் பிறநாட்டார் இருப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது: ஊரில் மதிப்புள்ளவர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, இவர் நல்லவர் என்று பொறுப்பேற்க வேண்டும். ஆங்கிலேயரைப் பகைத்துக்கொண்டு யார் கையெழுத்துப் போடுவார்? புதுச்சேரிப் பிரமுகர் கலவை சங்கர செட்டியார் ஒரே நாளில் அலைந்து அந்தக் கையெழுத்துகளை வாங்கினார், தானும் போட்டார். சட்ட வரலாற்றில் ஹேக்கின் ஐந்து நடுவர்களுக்கு ஏடு ஏடாக இடமுண்டு. புதுச்சேரியின் இந்த ஐந்து கையெழுத்துகளுக்கு ஒரு வரியும் இல்லை. ஆனால் ஆட்களைக் காப்பாற்றியது இந்த ஐந்துதான்.

சட்டத்தால் முடியாததைச் சூழ்ச்சியால் முடிக்கவும் பார்த்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது வாளியில் ஒரு ஜாடி வந்தது. திறந்தால், உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள், பிரசுரங்கள். யாரோ ராத்திரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மூடி மறைக்க வேண்டாம், நாமே போய்ப் பிரெஞ்சுப் போலீசிடம் சொல்லிவிடுவோம் என்றார் பாரதியார். அந்த யோசனைதான் எல்லோரையும் காப்பாற்றியது. பிரெஞ்சு விசாரணை நீதிபதி வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார். அரவிந்தர் வீட்டு மேஜையில் குண்டு இருக்கும், துப்பாக்கி இருக்கும் என்று தேடியவர் கண்டது கிரேக்கமும் லத்தீனுமான புத்தகங்கள். இவருக்கு லத்தீன் தெரியுமா, கிரேக்கம் தெரியுமா என்று வியந்து, சோதனையை நிறுத்திவிட்டு, என் வீட்டுக்கு ஒருமுறை வாருங்கள் என்று அழைத்துவிட்டுப் போனார். நல்ல முடிவுதான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அந்த மேஜையில் லத்தீனுக்குப் பதில் வெறும் தமிழ் ஏடுகள் இருந்திருந்தால், அந்த நீதிபதியின் மரியாதை அப்படித் திரும்பியிருக்குமா? ஒருவன் படித்தவனா பாமரனா என்பதைப் பார்த்துக் காப்பு கொடுத்தால், பாமரன் எங்கே போவான்?

பத்தாண்டுக் காலம் புதுச்சேரி பாரதியாரைக் கொடுக்கவில்லை. 1918 நவம்பரில் அவரே எல்லை தாண்டினார். கடலூர் அருகே கைது செய்து ஜெயிலில் வைத்தார்கள். டிசம்பர் 14 அன்று விட்டார்கள். அதன் பின் அவர் உயிரோடு இருந்தது மூன்று ஆண்டுகூட இல்லை.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 1982 மே 19, சென்னை பாண்டி பஜார். இலங்கைத் தமிழ்ப் போராளித் தலைவர்களான பிரபாகரனும் உமா மகேசுவரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட வழக்கில் இருவரும் பிடிபட்டார்கள். இலங்கை அரசு அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டது. கூடாது என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் ஒரே குரலில் எதிர்த்தன. இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டப்படி போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தையே சாட்சியாக வைத்துத் தண்டிக்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் கைதியை என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒப்படைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள், அரசின் காவலில் இருக்கும்போதே, இரண்டு தாக்குதல்களில் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாடு அன்று கேட்டது சரியான கேள்வி என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி கிடையாது. பிறகு வரலாறு திரும்பியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1995இல் அதே பிரபாகரனை இலங்கையிடம் கேட்டது இந்தியா. ஒரே மனிதரைப் பற்றி இரண்டு நாடுகளும் இடம் மாறி நின்றன. ஒரு காலத்தில் நாம் ஆதரிப்பவனுக்கும் இன்னொரு காலத்தில் நாம் வெறுப்பவனுக்கும் ஒரே கேள்வியைக் கேட்க முடிந்தால்தான் அது நியாயம். இல்லையென்றால் அது வெறும் கட்சி கட்டல்.

ஹாங்காங்கில் அந்தக் கேள்வி 2019இல் தெருவுக்கே வந்தது. தைவானில் நடந்த ஒரு கொலையைக் காரணம் காட்டி, சீனப் பெருநிலத்துக்கும் ஆட்களை ஒப்படைக்க வழிசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். ஜூன் மாதம் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அக்டோபரில் மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். 1858 ஒப்பந்தத்தில் யாரும் கேட்காத மக்களின் குரல், 161 ஆண்டு கழித்து அப்படிக் கேட்டது. அதன்பிறகு அந்த நகரத்துக்கு நேர்ந்ததெல்லாம் நீங்கள் செய்தியில் படித்ததுதான்.

கடைசியாக, இந்த ஊர்க்காரர் ஒருவரின் வழக்கு. விஜய் மல்லையா. பெங்களூரில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. இந்த மாநிலத்திலிருந்தே மாநிலங்களவைக்குப் போனவர். 2016 மார்ச்சில் லண்டன் போனார். வங்கிக் கடன் மோசடி வழக்கில் இந்தியா அவரைக் கேட்டது. லண்டன் நீதிமன்றத்தில் ஒரு பெரிய வாதம் எதைப் பற்றித் தெரியுமா? கடனைப் பற்றி மட்டுமல்ல. மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் பாரக்கைப் பற்றி. அங்கே வெளிச்சம் வருமா, காற்று வருமா, கழிப்பறை எப்படி, வைத்தியம் உண்டா? நீதிபதி எம்மா ஆர்பத்நாட், அந்த அறையை வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று 2018 ஜூலையில் கேட்டார். இந்தியா எடுத்து அனுப்பியது. அண்மையில் புதுப்பிக்கப்பட்ட அறை என்பதையும் அவர் கவனித்தார். டிசம்பரில் ஒப்படைக்கலாம் என்று தீர்ப்பளித்தார்; 2020 ஏப்ரலில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

நம் சிறையைப் படம் பிடித்துக் காட்டு என்று வெள்ளைக்காரி கேட்பதா என்று அப்போது கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு வந்த கோபம் வேறு. ஆயிரக்கணக்கான கோடி கடன் வாங்கியவருக்காகக் கேட்டதால் ஓர் அறை புதுப்பிக்கப்பட்டது. அதே சிறையில், கொள்ளளவுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் மற்றவர்களுக்காக யார் வீடியோ கேட்பது? அவர்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. அதனாலேயே அவர்களைப் பற்றி எந்த நீதிபதியும் கேட்கவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் போலீசார் அடித்ததில் ஒரு தகப்பனும் மகனும் உயிரிழந்தது உங்களுக்குத் தெரியும். 1903இல் பெய்ஜிங் சிறையில் ஷென் ஜின்னுக்கு நடந்ததும் அதுதான். ஊரும் ஆண்டும்தான் வேறு.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. அதை ஏற்றுச் சட்டமாக்கவில்லை. வெளிநாட்டு நீதிமன்றங்களில் இந்தியா ஆட்களைக் கேட்கும்போதெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல்கள் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். 2010இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையின் தெரிவுக்குழுவுக்குப் போய், பிறகு காலாவதியாயிற்று. 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் உடன்படிக்கையை ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது; வரைவு மசோதா ஒன்றையும் எழுதி அதோடு இணைத்தது. இந்த ஊரிலிருந்து தில்லிக்குப் போகும் உறுப்பினர்கள் உங்கள் வாசலுக்கு ஓட்டு கேட்டு வருவார்கள். அந்த வரைவு ஏன் இன்னும் அலமாரியில் கிடக்கிறது என்று அவர்களிடம் பெயர் சொல்லி, அறிக்கை எண் சொல்லிக் கேளுங்கள்.